பிரெடெரிக் சொடி

பிரெடெரிக் சொடி (செப்டெம்பர் 2, 1877 – செப்டெம்பர் 22, 1956) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் ஆவார். கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் வேறொரு தனிமமாக மாறுகிறது என்பதை ஏர்ணெஸ்ட் ரதர்ஃபோர்டுடன் இணைந்து 1902 ஆம் ஆண்டில் விளக்கினார். வேதியியல் பண்புகளில் ஒன்றாகவும் அணு நிறையில் வேறாகவும் இருக்கும் அணுக்கள் உண்டு என்று காட்டி, அவற்றுக்கு ஐசோடோப்பு என்னும் பெயரை 1913 இல் அறிமுகப்படுத்தியவரும் இவரே. 1921 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் வேதியியலை விட்டு விலகிப் பணம், கடன், செல்வம் ஆகியவை பற்றி நூல்கள் எழுதினார்.

ஐசோடோப்புக் கொள்கைக்கு இவர் தந்த முதன்மையான சான்று, இலங்கையில் கிடைத்த ஒரு கனிமத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஈயம் ஆகும். அப்பகுதி இக்கட்டுரையில் சற்று விரிவாகவே தரப்பட்டுள்ளது.

இளமையும் கல்வியும்

சொடி இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஈசுட்போர்ன் நகரில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் சொடி தானிய வணிகர். பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. தாயார் இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். கட்டுப்பாடு மிகுந்த கால்வினிய சமயச் சூழலில் வளர்ந்தார். ஈசுட்போர்ன் கல்லூரியில் பயின்றபோது, 1894 இல், தம் அறிவியல் ஆசிரியருடன் இணைந்து உலர்ந்த அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் வினை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அப்போது இவருக்கு வயது பதினேழைத் தாண்டவில்லை. வேல்சில் உள்ள அபெரித்துவித்துக் கல்லூரியில் சிறிது காலம் படித்த பின் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். 1898 இல் வேதியியலில் முதல் வகுப்பில் தேர்ச்சியடைந்தார். அங்கேயே மேலும் இரண்டு ஆண்டுகள் ஆய்வில் ஈடுபட்டார். ஆயினும் அக்காலத்தில் குறிப்பிடத்தக்க முடிவுகள் எவையும் கிட்டவில்லை.

மொன்றியலில் ரதர்ஃபோர்டுடன்

1900 இல் கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்த சொடி, நேரில் சென்றால் வாய்ப்புக் கூடும் என எண்ணிக் கப்பலேறினார். அப்பதவி கிட்டவில்லை. திரும்பும் முன் மொன்றியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைப் பார்க்கச் சென்றவர், அங்கே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியில் அமர்ந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1898 முதல் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ரதர்ஃபோர்டு.

இருவரும் முதலில் சந்தித்தது எதிரெதிர் அணிகளில்தான். 1901 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெக்கில் இயற்பியல் கழகத்தில், அணுவைவிடச் சிறிய பொருள் உண்டா என்பது குறித்து விவாதம் நடைபெற்றது. எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜெ. ஜெ. தாம்சனின் மாணவரான ரதர்ஃபோர்டு, உண்டு என்று வாதிட்டார். வேதியியலாளரான சொடியோ அணுவே இறுதி என்னும் கருத்தைக் காத்து நின்றார். ஒரு தனிமத்தின் அணு மாறாது, பிறவாது, அழியாது என்பது ஜான் டால்ட்டன் காலம் முதல் ஒரு நூற்றாண்டாக வேதியியல் நின்ற அடித்தளம் ஆகும். அந்த அடித்தளத்தைக் காக்கப் பேசிய இளைஞரே அடுத்த ஆண்டில் அதை அசைத்தவர்களுள் ஒருவரானார்.

1901 அக்டோபர் மாதத்தில் இருவரும் கூட்டாய்வைத் தொடங்கினர். தோரியம் சேர்மங்களிலிருந்து கதிரியக்கம் உடைய ஒரு வளிமம் இடையறாது வெளிப்படுவதை ரதர்ஃபோர்டு முன்பே கண்டிருந்தார். அது என்ன என்பதைக் கண்டறியும் வேதியியல் வேலை சொடிக்கு உரியதாயிற்று. செஞ்சூடான உலோகங்கள் உட்படக் கடுமையான வினைபொருள்கள் பலவற்றின் ஊடாக அதனைச் செலுத்தியும் அது எதனுடனும் வினைபுரியவில்லை. ஆகவே அது ஆர்கான் குடும்பத்தைச் சேர்ந்த மந்த வளிமமாகவே இருத்தல் வேண்டும் என முடிவு செய்தார். (இன்று இது ரேடான்-220 எனப்படுகிறது.) தோரியம் என்னும் உலோகத்திலிருந்து ஒரு மந்த வளிமம் தானாகவே பிறக்கிறது என்பது இதன் பொருள். இதனைத் தனிமமாற்றம் என்று சொடி அழைக்க முற்பட்டபோது, இரசவாதிகள் என்று உலகம் நம்மை எள்ளும் என ரதர்ஃபோர்டு தடுத்ததாகச் சொடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

இதன் பின்னர் நடந்த சோதனை மிக எளியது. தோரியம் உப்புக் கரைசலில் அம்மோனியா சேர்த்தால் தோரியம் வீழ்படிவாகிவிடும். ஆனால் கதிரியக்கத்தின் பெரும்பகுதி வீழ்படிவில் இல்லாமல் வடிநீரில் தங்கிவிட்டது. வடிநீரில் இருந்த பொருளுக்குத் தோரியம்-எக்ஸ் எனப் பெயரிட்டனர். 1901 டிசம்பரில் கிறித்துமசு விடுமுறை வந்தது. விடுமுறை கழிந்து வந்து பார்த்தபோது தோரியம்-எக்ஸ் தன் கதிரியக்கத்தை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தது. தோரியமோ இழந்ததை மீண்டும் பெற்றிருந்தது. நாள்தோறும் அளந்தபோது, ஒன்று தேயும் வீதமும் மற்றொன்று வளரும் வீதமும் சமமாக இருந்தன. ஏறத்தாழ நான்கு நாட்களில் தோரியம்-எக்ஸ் பாதியாகக் குறைந்தது. சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் இவ்வீதம் மாறவில்லை.

கதிரியக்கம் என்பது அணு ஒன்று சிதைந்து வேறொரு தனிமத்தின் அணுவாக மாறுவதன் வெளிப்பாடே என்னும் விளக்கத்தை 1902, 1903 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இருவரும் முன்வைத்தனர். இக்கூட்டாய்வு நீடித்தது ஒன்றரை ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். 1908 இல் ரதர்ஃபோர்டுக்கு வேதியியல் நோபல் பரிசு தனியாகக் கிடைத்தது. தமது பங்கு போதிய அளவில் அறியப்படவில்லை என்ற எண்ணம் சொடியிடம் இறுதிவரை இருந்தது. அது முற்றிலும் காரணமற்றது என்று சொல்வதற்கில்லை.

இலண்டனில் ஈலியம்

1903 இல் சொடி இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் திரும்பி வில்லியம் ராம்சேயுடன் பணியாற்றினார். ரேடியம் புரோமைடிலிருந்து ஈலியம் உருவாகிறது என்பதை நிறமாலை வழியே இருவரும் காட்டினர். இதற்குச் சொடி பயன்படுத்திய ரேடியத்தின் அளவு சில பத்து மில்லிகிராம்களே. ஈலியத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் யான்சென் சூரியனின் தழல்களை நிறமாலைமானியால் ஆராய்ந்தார். அவ்வாண்டின் ஆய்வுகளே ஈலியத்தின் மஞ்சள் கோட்டை அறிவியலுக்குக் காட்டின. ராம்சே அவ்வளிமத்தைப் புவியில் கண்டறிந்தது 1895 இல் ஆகும்.

கிளாஸ்கோ: பிரிக்க முடியாத தனிமங்கள்

1904 முதல் 1914 வரை சொடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். 1908 இல் வினிஃபிரெட் பெய்ல்பி என்பவரை மணந்தார். இவர் தொழில்துறை வேதியியலாளர் ஜார்ஜ் பெய்ல்பியின் மகள். இவ்விணையருக்குக் குழந்தைகள் இல்லை. 1910 இல் அரச கழகத்தின் உறுப்பினராகச் சொடி தேர்வு செய்யப்பட்டார்.

அக்காலத்தில் கதிரியக்க வேதியியல் பெருங்குழப்பத்தில் இருந்தது. ஈயம் முதல் யுரேனியம் வரை தனிம அட்டவணையில் இருப்பவை பதினொரு இடங்களே. ஆனால் முப்பதுக்கும் மேற்பட்ட புதிய கதிரியக்கத் தனிமங்கள் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரைவாழ்வுக் காலம் இருந்தது. ஆகவே அவை வெவ்வேறானவை என்பதில் ஐயம் இல்லை. அவற்றை வைக்க அட்டவணையில் இடம்தான் இல்லை.

ராம்சேயின் ஆய்வகத்தில் பணிபுரிந்த செருமானியர் ஓட்டோ ஹான், இலங்கையிலிருந்து வந்த தோரியனைட்டு என்னும் கனிமத்தை ஆராய்ந்து ரேடியோதோரியம் என்னும் ஒரு பொருளை 1905 இல் கண்டறிந்தார். ஆனால் இதனைத் தோரியத்துடன் கலந்துவிட்டால் எந்த வேதிமுறையாலும் மீண்டும் பிரிக்க முடியவில்லை. 1907 இல் அமெரிக்காவில் மெக்காய், ராஸ் இருவரும் முயன்று தோற்று, பிரிக்கவே இயலாது என அறிவித்தனர். அதே ஆண்டில் ஹான் கண்டறிந்த மீசோதோரியமும் இத்தகையதே. அது ரேடியத்திலிருந்து பிரிய மறுத்தது.

வேதியியலாளர்கள் பலர் இதைத் தம் முறைகளின் குறைபாடு என்று கருதினர். இன்னும் திறமையான ஒருவர், இன்னும் நுண்ணிய முறையால் பிரித்துவிடுவார் என எதிர்பார்த்தனர். சொடி 1910 அளவில் வேறு முடிவுக்கு வந்தார். இவற்றைப் பிரிக்க முடியாததற்குக் காரணம் கைத்திறன் குறைவன்று. வேதியியல்படி இவை ஒன்றே. நிறையால் வேறுபட்டும் பண்பால் ஒன்றாகவும் இருக்கும் அணுக்கள் இயற்கையில் உள்ளன. அப்படியானால் சாதாரணத் தனிமங்களும் பல நிறைகளை உடைய அணுக்களின் கலவையாக இருக்கக்கூடும். வேதியியலாளர்கள் வாழ்நாள் முழுதும் உழைத்து நான்கு பதின்மத் தானங்கள் வரை அளந்த அணு எடைகள், வெறும் சராசரிகளாக இருக்கக்கூடும். அணு எடையே தனிமத்தின் அடையாளம் என்றிருந்த துறையில் இது எளிதில் ஏற்கத்தக்க கூற்று அன்று.

இடப்பெயர்ச்சி விதி

சொடியின் மாணவர் அலெக்சாண்டர் ஃபிளெக், மிகக் குறுகிய வாழ்நாள் உடைய கதிரியக்கப் பொருள்கள் எவ்வெத் தனிமங்களுடன் ஒன்றுபடுகின்றன என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சில நிமிடங்களில் மறைந்துவிடும் பொருள்களைக் கொண்டு செய்யப்பட்ட பொறுமையான வேலை இது. இம்முடிவுகளின் அடிப்படையில் 1913 இல் சொடி ஒரு விதியை வெளியிட்டார். ஆல்ஃபா துகள் ஒன்றை வெளியிடும் அணு, தனிம அட்டவணையில் இரண்டு இடங்கள் பின்னோக்கிச் செல்கிறது. பீட்டா துகள் ஒன்றை வெளியிடும் அணு ஓர் இடம் முன்னோக்கிச் செல்கிறது. செருமனியில் கசிமிர் ஃபயான்சும், சொடியிடம் முன்பு பயின்ற ஏ. எஸ். ரசலும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்விதியின் வடிவங்களை வெளியிட்டனர். எனவே இது சொடி–ஃபயான்சு இடப்பெயர்ச்சி விதி எனப்படுகிறது.

தோரியம் தொடரை எடுத்துக்கொண்டால் விதியின் ஆற்றல் விளங்கும். தோரியத்தின் அணுவெண் 90, நிறை எண் 232. இது ஓர் ஆல்ஃபா துகளை இழந்து அணுவெண் 88, நிறை எண் 228 உடைய மீசோதோரியம் ஆகிறது. 88 ஆம் இடம் ரேடியத்தின் இடம். மீசோதோரியம் ரேடியத்திலிருந்து பிரியாதது இதனால்தான். பின் ஒரு பீட்டாவை இழந்து 89, மற்றொரு பீட்டாவை இழந்து 90. மீண்டும் தோரியத்தின் இடத்துக்கே வந்துவிட்டது. நிறை மட்டும் 228. இதுவே ஹானின் ரேடியோதோரியம். அது ஓர் ஆல்ஃபாவை இழந்தால் அணுவெண் 88, நிறை 224: மெக்கில் ஆய்வகத்தில் விடுமுறையில் தேய்ந்துபோன தோரியம்-எக்ஸ். அடுத்த ஆல்ஃபாவை இழந்தால் 86, நிறை 220: எதனுடனும் வினைபுரியாத அந்த மந்த வளிமம். பதினைந்து ஆண்டுகளாகத் தனித்தனிப் பெயர்களுடன் அலைந்த பொருள்கள் யாவும் ஒரே கூட்டல் கழித்தல் கணக்கில் அடங்கிவிட்டன.

ஓர் ஆல்ஃபாவும் இரண்டு பீட்டாவும் வெளியேறினால் அணு புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது என்பதே இதன் உயிர்நாடி. நான்கு அலகு எடை குறைந்தும் அது அதே தனிமம்தான்.

பெயரின் தோற்றம்

ஒரே இடத்தில் அமரும் இவ்வணுக்களுக்குச் சொடியிடம் பெயர் இருக்கவில்லை. கிளாஸ்கோவில் மாமனார் பெய்ல்பியின் இல்லத்தில் நடந்த ஒரு விருந்தில், குடும்ப நண்பரும் மருத்துவரும் புதின எழுத்தாளருமான மார்கரெட் டாட், கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஐசோடோப்பு என்னும் பெயரைப் பரிந்துரைத்தார். ஐசோஸ் என்றால் சமம். டோபோஸ் என்றால் இடம். 1913 டிசம்பர் 4 நாளிட்ட நேச்சர் இதழில் சொடி இச்சொல்லை முதன்முதலாக அச்சில் பயன்படுத்தினார்.

தமிழில் வழங்கும் ஓரிடத்தான் என்னும் சொல்லும் இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் சமதானி என்னும் சொல்லும் இந்தக் கிரேக்கப் பொருளையே அப்படியே ஏந்தி நிற்கின்றன. தானம் என்பது இங்கு அட்டவணையில் உள்ள இடம். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வரையறையைவிட இவ்விரு சொற்களே கருத்தைத் தெளிவாக உணர்த்துகின்றன எனலாம்.

இலங்கைத் தோரைட்டும் ஈயத்தின் எடையும்

விதி சரி என்றால் அதிலிருந்து சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு முடிவு பிறக்கிறது. யுரேனியம் (238) எட்டு ஆல்ஃபா துகள்களை இழந்து ஈயத்தின் இடத்தை அடைகிறது. 238 இலிருந்து 32 போக 206. தோரியம் (232) ஆறு ஆல்ஃபா துகள்களை இழந்து அதே இடத்தை அடைகிறது. 232 இலிருந்து 24 போக 208. சாதாரண ஈயத்தின் அணு எடையோ 207.2. ஆகவே யுரேனியக் கனிமத்தில் உள்ள ஈயம் சற்று இலேசாகவும் தோரியக் கனிமத்தில் உள்ள ஈயம் சற்றுக் கனமாகவும் இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லையெனில் கொள்கை முழுவதும் வீழ்ந்துவிடும்.

யுரேனிய ஈயத்தைச் சோதிப்பது ஓரளவு எளிது. அமெரிக்காவில் டி. டபிள்யூ. ரிச்சர்ட்சும் லெம்பெர்ட்டும், வியன்னாவில் ஓட்டோ ஓனிக்சிமித்தும் இசுடெஃபனி ஓரோவிட்சு என்னும் பெண் வேதியியலாளரும் 1914 இல் அதனை அளந்து, சாதாரண ஈயத்தைவிட இலேசானது என்று காட்டினர். தோரிய ஈயமே கடினம். பெரும்பாலான தோரியக் கனிமங்களில் யுரேனியமும் போதிய அளவு கலந்திருக்கும். இரண்டின் ஈயமும் சேர்ந்தால் வேறுபாடு மறைந்துபோகும். தோரியம் மிகுந்தும் யுரேனியம் மிகக் குறைந்தும் இருக்கும் ஒரு கனிமம் தேவைப்பட்டது. அது இலங்கையிலிருந்து கிடைத்த தோரைட்டு. அதில் பாதிக்கு மேல் தோரியம். யுரேனியம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. ஈயமோ அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

இலங்கையின் தோரியக் கனிமங்கள் அறிவியல் உலகுக்குத் தெரியவந்ததில் பெரும்பங்கு ஆனந்த குமாரசுவாமிக்கு உண்டு. பிற்காலத்தில் இந்தியக் கலை வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற இவர், கல்வியால் நிலவியலாளர். தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877 ஆகஸ்டு 22 அன்று கொழும்பில் பிறந்தவர். அதாவது சொடியைவிடப் பதினொரு நாட்கள் மூத்தவர். இலங்கையின் கனிம அளவைத் துறைக்கு 1903 முதல் 1906 வரை தலைவராக இருந்தார். சபரகமுவா மாகாணத்தில், மணிக்கல் அகழும் சரளை மண்ணில் கிடைத்த கனமான கருநிறக் கனிமம் ஒன்றை 1904 இல் இவர் வெளிப்படுத்தினார். முதலில் யுரேனியக் கனிமம் எனக் கருதப்பட்ட அதனை, இலண்டனில் விண்டம் டன்சுடன் பகுத்தாய்ந்து தோரியம் மிகுந்த புதிய கனிமம் எனக் கண்டு தோரியனைட்டு எனப் பெயரிட்டார். ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டது இக்கனிமத்தில்தான் என்பது மேலே கூறப்பட்டது. பிரிக்க முடியாத தனிமங்கள் என்னும் புதிரும் அதற்கான விடையின் சான்றும் ஒரே தீவின் மண்ணிலிருந்து வந்தவை.

சொடியும் ஐமன் என்பவரும் 1914 இல் தோரைட்டிலிருந்து மிகச் சிறிதளவு ஈயத்தைப் பிரித்து அணு எடை 208.4 என அளந்தனர். அளவு குறைவாக இருந்ததால் இம்முடிவை ஐயுற இடமிருந்தது. எனவே சொடி பல கிலோகிராம் தோரைட்டைக் கரைத்து, கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு ஈயம் சேர்த்தார். அடுத்து அவர் செய்தது எடையறிதல் அன்று, அடர்த்தியை அளத்தல். ஓரிடத்தான்களின் புற அமைப்பு ஒன்றே என்றால் ஒவ்வோர் அணுவும் பிடிக்கும் இடம் சமமாகவே இருக்கும். ஆகவே கனமான அணுக்களால் ஆன ஈயம் அதே விகிதத்தில் அடர்த்தி மிகுந்திருக்க வேண்டும். 1915 இல் வெளியிட்ட முடிவின்படி, இலங்கை ஈயத்தின் அடர்த்தி சாதாரண ஈயத்தைவிட 0.26 விழுக்காடு அதிகம். இதிலிருந்து அணு எடை 207.74 எனக் கணக்கிட்டார். பின்னர் ஓனிக்சிமித் வேதிமுறையால் நேரடியாக அளந்து பெற்ற எண் 207.77. கனிமத்தில் சிறிது யுரேனியமும் இருந்ததே இது 208 ஐ எட்டாததற்கு முதன்மையான காரணம்.

நிறத்தாலும் வினையாலும் எவ்வகையிலும் வேறுபடுத்த முடியாத இரண்டு ஈயத் துண்டுகள் வெவ்வேறு எடை உடையன என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. ஒரு தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடை உடையன என்ற டால்ட்டனின் கூற்று இதன் பின் நிற்கவில்லை.

ஓரிடத்தான்களும் அணு அமைப்பும்

பள்ளிப் பாடநூல்கள் ஓரிடத்தான்களை, புரோட்டான் எண்ணிக்கை சமமாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்கள் என வரையறுக்கின்றன. இது சரியான வரையறைதான். ஆனால் நிகழ்ந்த வரிசை இதற்கு நேர்மாறானது. நியூட்ரானை ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தது 1932 இல். ஓரிடத்தான் என்னும் கருத்து அதற்கு 19 ஆண்டுகள் மூத்தது. அணுவின் நடுவே நேர்மின்னூட்டம் உடைய கரு உண்டு என்பதை ரதர்ஃபோர்டு 1911 இல் முன்வைத்திருந்தார். கருவின் மின்னூட்டமும் அட்டவணை இடத்தின் எண்ணும் ஒன்றே என வான் டென் புரூக் என்னும் டச்சுக்காரர் கூறியபோது, சொடி தம் இடப்பெயர்ச்சி விதி அதற்குச் சான்று எனக் கண்டார். ஆல்ஃபா துகளின் மின்னூட்டம் இரண்டு, ஆகவே இரண்டு இடம். பீட்டா எதிர்மின்னூட்டம் உடையது, ஆகவே எதிர்த்திசையில் ஓர் இடம். என்றி மோசுலி 1913–14 இல் எக்சு-கதிர் நிறமாலையைக் கொண்டு அணுவெண்ணை நேரடியாக அளந்தார்.

கதிரியக்கம் இல்லாத தனிமங்களிலும் ஓரிடத்தான்கள் உண்டு என்பது நியான் வளிமத்தில் வெளிப்பட்டது. 1912–13 இல் ஜெ. ஜெ. தாம்சன், நியான் 20, 22 என்னும் இரு நிறைகளில் தடம் பதிப்பதைக் கண்டார். 1919 இல் பிரான்சிஸ் ஆஸ்டன் நிறை நிறமாலைவரைவியை அமைத்து அதனை உறுதி செய்தார். மாணவர்களை மலைக்க வைக்கும் குளோரினின் 35.5 என்னும் அணு எடைக்கும் விடை கிடைத்தது: நான்கில் மூன்று பங்கு அணுக்கள் நிறை 35, ஏறத்தாழ ஒரு பங்கு நிறை 37. எடை 35.5 உடைய குளோரின் அணு ஒன்றுகூட உலகில் இல்லை. 1922 இல் நடந்த நோபல் விழாவில் சொடி 1921 ஆம் ஆண்டுப் பரிசையும் ஆஸ்டன் 1922 ஆம் ஆண்டுப் பரிசையும் பெற்றனர். ஃபயான்சுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை.

இக்கணக்கின் பயன்கள்

யுரேனியத்திலிருந்து ஈயம் உருவாகும் வீதம் மாறாதது என்பதால், பாறையில் உள்ள சிர்க்கான் மணிகளில் இரண்டின் விகிதத்தையும் அளந்து பாறையின் வயதைக் கணக்கிடலாம். தமிழ்நாடு–கர்நாடக எல்லையில் கிருஷ்ணகிரிப் பகுதியில் காணப்படும் நைசுப் பாறைகள் இம்முறையால் ஆராயப்பட்டுள்ளன. அவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். யுரேனியம்-238 இன் அரைவாழ்வுக் காலம் 447 கோடி ஆண்டுகள் ஆதலால், அம்மணிகளில் தொடக்கத்தில் இருந்த யுரேனியம்-238 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்று ஈயம்-206 ஆகிவிட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட்டு என்னும் பொதுப்பெயரில் வெட்டி மெருகிடப்படும் கற்களில் பல, பாறையியல்படி இத்தகைய நைசு வகையினவே.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு என்னும் தோரியக் கனிமம் உள்ளது 1909 இல் செருமானியர் சோம்பர்க்கால் கண்டறியப்பட்டது. அன்று தோரியத்தின் பெரும்பயன் வளிம விளக்கின் வலைக்கே; பெட்ரோமாக்ஸ் வலையைக் கண்டவர்கள் அறிவர். இன்று இதன் முக்கியத்துவம் வேறு. தோரியம்-232 ஒரு நியூட்ரானை ஏற்றுத் தோரியம்-233 ஆகி, ஒரு பீட்டாவை இழந்து புரோட்டாக்டினியம்-233 ஆகி, மற்றொரு பீட்டாவை இழந்து யுரேனியம்-233 என்னும் அணு எரிபொருள் ஆகிறது. 90, 91, 92 என்று இடம் நகரும் இக்கணக்கு சொடியின் விதியே. யுரேனியம்-233 ஐ எரிபொருளாகக் கொண்ட, 30 கிலோவாட்டு வெப்பத்திறன் உடைய காமினி என்னும் ஆய்வு உலை 1996 இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது.

புரோட்டாக்டினியம் தனிமத்தின் நீண்டநாள் வாழும் ஓரிடத்தானைக் கண்டறிந்ததிலும் சொடிக்குப் பங்குண்டு. அவரும் ஜான் கிரான்சுடனும் இதனை 1918 இல் அறிவித்தனர். ஹானும் லிசே மெயிட்னரும் அதே காலத்தில் தனியாகக் கண்டறிந்தனர். சொடியிடம் நீண்ட காலம் ஆய்வு உதவியாளராக இருந்த அடா இட்சின்சு, யுரேனியத்திலிருந்து ரேடியம் வளரும் வீதத்தைப் பல ஆண்டுகள் அளந்தவர்.

ஆக்ஸ்ஃபோர்டும் பொருளியலும்

1914 இல் அபர்தீன் பல்கலைக்கழகத்திலும் 1919 இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் சொடி பேராசிரியரானார். ஆக்ஸ்ஃபோர்டு ஆண்டுகள் ஏமாற்றமானவை. பெரிய ஆய்வுக் குழு எதுவும் அங்கு உருவாகவில்லை. உடன் பணிபுரிந்தோருடன் பிணக்குகள் இருந்தன.

முதல் உலகப்போர் இவரை மாற்றியது. 1915 ஆகஸ்டு 10 அன்று கலிப்போலியில் தமது 27 ஆம் வயதில் மோசுலி கொல்லப்பட்டது சொடியை ஆழமாகப் பாதித்தது. அணுவில் அடங்கியுள்ள ஆற்றலின் அளவைச் சொடி மிக முன்னரே உணர்ந்திருந்தார். 1904 இலேயே படைப் பொறியாளர்களுக்கு ஆற்றிய உரையில், அதனைத் திறக்கும் வழியறிந்தவர் உலகையே அழிக்கவல்ல ஆயுதம் உடையவராவார் என எச்சரித்தார். 1909 இல் வெளிவந்த ரேடியத்தைப் பற்றிய இவரது நூலைப் படித்த எச். ஜி. வெல்ஸ், அணுகுண்டுப் போர் பற்றிய புதினம் ஒன்றை 1914 இல் எழுதி இந்நூலுக்கே காணிக்கை ஆக்கினார். அப்புதினத்தை 1932 இல் படித்த லியோ சிலார்டு, அடுத்த ஆண்டில் அணுக்கருத் தொடர்வினை என்னும் கருத்தை அடைந்தார்.

அறிவியல் இவ்வளவு செல்வத்தை உருவாக்கியும் வறுமையும் போரும் ஏன் நீங்கவில்லை என்னும் வினா சொடியைப் பொருளியலுக்கு இழுத்தது. 1926 இல் வெளியான செல்வம், மாயச் செல்வம், கடன் பற்றிய நூல் இவற்றுள் முதன்மையானது. உண்மையான செல்வம் ஆற்றலிலிருந்து பிறப்பது. வெப்ப இயக்கவியல் விதிக்கு உட்பட்டுத் தேய்வது. கடனோ கூட்டுவட்டியால் எல்லையின்றி வளர்வது. தேயும் ஒன்றின் மீது வளரும் ஒன்றை ஏற்றி வைத்தால் முறிவு நேரும் என்பது இவர் வாதத்தின் சாரம். கதிரியக்கத் தேய்வின் அதே அடுக்குக்குறிச் சமன்பாடு இங்கே திசை மாறி நிற்பதைக் காணலாம். தங்க அளவையைக் கைவிடுதல், நாணய மாற்று வீதங்களை மிதக்கவிடுதல், வங்கிகள் முழு இருப்பு வைத்திருத்தல் ஆகியவற்றை இவர் பரிந்துரைத்தார். பொருளியலாளர்கள் பெரும்பாலும் இவரைப் புறக்கணித்தனர். முதலிரண்டும் பின்னர் உலக வழக்காயின. சூழலியல் பொருளியலாளர்கள் இவரை முன்னோடியாகக் கருதுகின்றனர். வங்கியாளர்களைச் சாடும் இவரது எழுத்துகள் சிலவற்றில் யூத வெறுப்பு இழையோடுவதும் கண்டிக்கப்பட்டுள்ளது, அதனை மறைப்பதற்கில்லை.

இறுதிக் காலம்

1936 இல் மனைவி வினிஃபிரெட் இறந்தார். அதன் பின் சொடி பல்கலைக்கழகப் பணியிலிருந்து முன்கூட்டியே விலகினார். அவ்வாண்டிலேயே, ஒன்றையொன்று தொடும் நான்கு வட்டங்களைப் பற்றிய டேக்கார்ட்டின் தேற்றத்தைத் தாமே மீண்டும் கண்டு, அதனை ஒரு கவிதையாக நேச்சர் இதழில் வெளியிட்டார். இரோசிமாவில் அணுகுண்டு வீசப்பட்டபோது இவருக்கு வயது 67. 1949 இல் அணு ஆற்றலின் வரலாற்றை நூலாக எழுதினார். 1956 செப்டெம்பர் 22 அன்று பிரைட்டன் நகரில் காலமானார்.

யுரேனிய சிலிக்கேட்டுக் கனிமம் ஒன்றுக்குச் சொடியைட்டு எனவும், நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு குழிக்குச் சொடி எனவும் இவர் நினைவாகப் பெயரிடப்பட்டுள்ளன. ஐசோடோப்பு என்னும் சொல் பிறந்த பெய்ல்பியின் இல்லம் கிளாஸ்கோவில் பல்கலைக்கழகத் தோட்டத் தெருவில் 11 ஆம் எண் வீடாகும். அங்கு நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது.